ஞாயிற்றுக்கிழமை முதுகுவலியும் எம்ஆர்ஐ படமும்

ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. என் மேசைக்கு வரும் எம்ஆர்ஐ சீட்டுகளில் முதுகுக்கானவைதான் அதிகம். அவற்றில் பெரும்பாலும் 'எல்பிபி' என்று மூன்றே எழுத்து இருக்கும். லோ பேக் பெயின், அதாவது இடுப்புவலி. எந்த வயதில் தொடங்கியது, எந்த நேரத்தில் வலிக்கிறது, எதைச் செய்தால் குறைகிறது என்று ஒரு வரி இருக்காது. சரி, கேட்டதற்குப் பதில் என்று நானும் ஜவ்வைப் பார்த்து, நரம்பைப் பார்த்து எழுதி அனுப்பிவிடுவேன்.

அப்படி எழுதி அனுப்பிய ஒரு ரிப்போர்ட் திரும்பி வந்தது. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் 27 வயதுப் பையன். 'எல்4-எல்5 ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருக்கிறது' என்று நான் எழுதியிருந்தேன். இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு அது. கனம் தூக்கியதால் வந்தது என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வு எடுத்தான், பெல்ட் போட்டான், இரண்டு வருடமாகக் குறையவில்லை. சந்தேகம் கேட்க அம்மாவோடு வந்திருந்தான். பேச்சுவாக்கில் அவன் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"பட்டறைக்குப் போற நாள்ல பரவாயில்ல சார். ஞாயித்துக்கிழமை வீட்ல படுத்தாத்தான் உயிர் போகுது."

கனம் தூக்கி வந்த வலி வேலைநாளில் குறைந்து, ஓய்வுநாளில் கூடுவது வழக்கமில்லை. நான் ரிப்போர்ட்டில் எழுதியதில் தப்பில்லை. பார்த்த இடம்தான் தப்பு.

## பெயரில் ஒரு குழப்பம்

முதலில் இதைத் தெளிவாக்கிவிடலாம். நம் ஊரில் கழுத்து வலித்தாலும் முதுகு வலித்தாலும் 'ஸ்பாண்டிலைடிஸ்' என்று சொல்லிவிடுகிறோம். அதில் முக்கால்வாசி ஸ்பாண்டிலோசிஸ். காதில் ஒன்றுபோல விழும் இந்த இரண்டும் வேறு வேறு.

ஸ்பாண்டிலோசிஸ் என்பது தேய்மானம். வயதானால் முடி நரைப்பதுபோல ஜவ்வு வற்றும், எலும்போரம் முளைவிடும். ஸ்பாண்டிலைடிஸ் என்பது அழற்சி. காயம் பட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறதே, அதுதான் அழற்சி. உடம்பின் பாதுகாப்புப் படை அங்கே வந்து இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சிலருக்குக் காயமோ கிருமியோ இல்லாமலே அந்தப் படை முதுகெலும்பின் மூட்டுகளிலும், தசைநார் எலும்பில் ஒட்டும் இடங்களிலும் இறங்கிவிடுகிறது. இந்த நோய்க்கு இன்றைய பெயர் ஆக்ஸியல் ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ். நீளமான பெயர், இனி 'முதுகு வாதம்' என்றே சொல்கிறேன். முற்றிய நிலையில் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில்போல விறைத்துவிடுவதைத்தான் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள்.

தேய்மானம் பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு தலைகாட்டும். முதுகு வாதம் இருபதுகளில், முப்பதுகளில் தொடங்கும். 45 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பது அரிது. எந்த நாளில் வந்தது என்று சொல்ல முடியாதபடி மெல்ல வரும். காலையில் எழுந்தால் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்திருக்கும், நடக்க நடக்க இளகும். பின்னிரவில் வலி எழுப்பிவிடும், எழுந்து கொஞ்சம் உலாவினால் குறையும். ஒரு வாரம் வலது புட்டத்தில், அடுத்த வாரம் இடதில் என்று இடம் மாறும். ஓய்வெடுத்தால் கூடும். பையனின் ஞாயிற்றுக்கிழமை அதுதான்.

## சுவரில் ஓதம்

வீட்டுச் சுவருக்குள் ஒரு குழாய் கசிகிறது என்று வையுங்கள். முதலில் சுவர் ஈரமாகும், ஓதம் ஏறும். அந்த நேரத்தில் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. நாளாக ஆகப் பூச்சு உப்பும், பெயரும், அப்புறம் விரிசல் விழும்.

எக்ஸ்ரே விரிசலைக் காட்டும், ஓதத்தைக் காட்டாது. எலும்பு அரிக்கப்பட்டு, தடித்து, ஒட்டிக்கொண்ட பிறகுதான் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும். அதற்குச் சில வருடங்கள் ஆகலாம், சிலருக்குக் கடைசிவரை தெரியாமலே போகும். 1984-ல் வகுத்த நியூயார்க் அளவுகோலின்படி, எக்ஸ்ரேயில் மூட்டு பழுதாகித் தெரிந்தால்தான் நோய் உறுதி. விரிசல் விடும்வரை காத்திருந்து கொத்தனாரைக் கூப்பிடுவது மாதிரிதான். வலி தொடங்கியதிலிருந்து நோய்க்குப் பெயர் வைக்கும்வரை உலகெங்கும் சராசரியாக ஏழு வருடம் போல ஆகிறது என்றால், அதற்கு இதுவும் ஒரு காரணம்.

எம்ஆர்ஐ ஓதத்தைக் காட்டும். 2009-ல் ஏசாஸ் என்ற சர்வதேச நிபுணர் குழு வெளியிட்ட புதிய அளவுகோலில், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் எம்ஆர்ஐயில் தெரியும் அழற்சிக்கு இடம் கிடைத்தது.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். முதுகு வாதம் தேய்மானம் அல்ல, அழற்சி. அழற்சி இருக்கும் எலும்புக்குள் ஈரம் ஊறும். எக்ஸ்ரேக்குத் தெரியாத அந்த ஈரத்தை எம்ஆர்ஐ எப்படிப் பார்க்கிறது என்பது அடுத்தது.

## தஞ்சாவூர் பொம்மை

எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்து நிற்கும் தஞ்சாவூர் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். எம்ஆர்ஐ எந்திரம் நம் உடம்பில் தேடுவது அப்படிப்பட்ட பொம்மைகளை. நம் தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள்தான் அந்தப் பொம்மைகள்.

எந்திரம் ஒரு பெரிய காந்தம். வழக்கமாக 1.5 டெஸ்லா, பூமியின் காந்தத்தைப் போலச் சுமார் 30,000 மடங்கு. அதற்குள் படுத்ததும் உடம்பின் ஹைட்ரஜன் பொம்மைகள் காந்தத்தின் போக்கில் நிற்கும். அப்போது ஒரு ரேடியோ அலையை அனுப்பிச் சாய்ப்பார்கள். நம் எஃப்எம் வானொலியின் அலைவரிசைக்குச் சற்றுக் கீழே, 64 மெகாஹெர்ட்ஸில் வரும் அலை அது. அலை நின்றதும் பொம்மைகள் நிமிரத் தொடங்கும், நிமிரும்போது மெல்லிய சமிக்ஞை தரும். அதை வாங்கித்தான் கணினி படமாக்குகிறது. இதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. உள்ளே படுத்தவர்கள் எல்லோரும் புகார் சொல்லும் 'டக் டக்' சத்தம், படம் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று பிரித்தறிய உதவும் துணைக் காந்தச் சுருள்கள் அதிர்வதால் வருவது. இந்தப் படமெடுக்கும் முறைக்காக பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

நமக்கு வேண்டிய சூட்சுமம் ஒன்றுதான்: கொழுப்பில் இருக்கும் பொம்மை சீக்கிரம் நிமிரும், தண்ணீரில் இருக்கும் பொம்மை மெதுவாக நிமிரும்.

பெரியவர்களின் முதுகு, இடுப்பு எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜையில் கொழுப்பு நிறைய. சாதாரணமாக எடுக்கும் பல படங்களில் கொழுப்பு வெளுப்பாகத் தெரியும். அதற்குள் கொஞ்சம் ஈரம் ஊறியிருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். வெள்ளை டைல்ஸ் தரையில் அரிசிமாக் கோலம் போட்டதுபோல, கோலம் இருக்கிறது, தெரியவில்லை. சாணி தெளித்த கருப்பு வாசலில் அதே கோலம் தெருமுனையிலிருந்து தெரியும்.

தரையைக் கருப்பாக்கும் வித்தைக்கு ஸ்டிர் என்று பெயர். பொம்மைகளை முதலில் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்கள். கொழுப்புப் பொம்மை நிமிரும் வழியில், அதனிடமிருந்து சமிக்ஞையே வராத ஒரு கணம் உண்டு. சரியாக அந்தக் கணம் பார்த்துப் படம் எடுத்தால் கொழுப்பு வாய்மூடிக் கருப்பாகிவிடும். தண்ணீர்ப் பொம்மை இன்னும் வேறு இடத்தில் இருப்பதால் அது மட்டும் பளிச்சென்று தெரியும். எலும்புக்குள் இப்படி வெளுத்துத் தெரியும் ஈரத்துக்கு மஜ்ஜை எடிமா என்று பெயர். உங்கள் ரிப்போர்ட்டில் 'போன் மேரோ எடிமா' என்று இருந்தால் அது இதுதான்.

இதற்கு ஜோடியாக டி1 என்று ஒரு படமும் எடுப்போம். அதில் கொழுப்பு வெளுப்பு, தண்ணீர் கருப்பு. ஓதம் காய்ந்த பிறகும் சுவரில் கறை நிற்குமே, அதுபோல அழற்சி அடங்கிய இடத்தில் கொழுப்பு படிந்திருக்கும், எலும்போரம் எலி கடித்ததுபோல அரித்திருக்கும். இந்தப் பழைய தடயங்கள் டி1-ல்தான் நன்றாகத் தெரியும். இன்றைய ஈரத்துக்கு ஸ்டிர், நேற்றைய கறைக்கு டி1. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வழக்கமாகப் போதும். ஊசி போட்டு மருந்து ஏற்றி எடுக்கும் 'கான்ட்ராஸ்ட்' எம்ஆர்ஐ இந்த நோய்க்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

## எந்தச் சுவரைப் பார்க்க வேண்டும்?

பலர் கோட்டைவிடும் இடம் இது. நானும் விட்டிருக்கிறேன்.

முதுகு வாதம் பெரும்பாலும் முதுகெலும்பின் நடுவில் தொடங்குவதில்லை. அடியில் தொடங்குகிறது. முதுகெலும்பின் கடைசியில் தலைகீழ் முக்கோணமாக சேக்ரம் என்ற எலும்பு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இடுப்பெலும்பு வந்து சேரும் இடத்துக்கு சேக்ரோஇலியாக் மூட்டு என்று பெயர், சுருக்கமாக எஸ்ஐ மூட்டு. இடுப்புக்குக் கீழே, புட்டத்துக்குச் சற்று மேலே இருபுறமும் சின்னக் குழி தெரியுமே, உத்தேசமாக அதற்குள்தான் அது இருக்கிறது. மேலுடம்பின் மொத்த பாரமும் இந்த இரண்டு மூட்டு வழியாகத்தான் காலுக்கு இறங்குகிறது. இங்கே அழற்சி வந்தால் வலி புட்டத்தில் உட்காரும், தொடையின் பின்பக்கம் இறங்கும். 'சயாட்டிகா', அதாவது கால் நரம்பு வலி, என்று முத்திரை விழுவதற்கு அது போதும்.

'எல்பிபி' என்று சீட்டு வந்தால் நாங்கள் எடுப்பது இடுப்புப் பகுதி முதுகெலும்பின் எம்ஆர்ஐ. முதுகை நெடுக்குவாக்கில் நடுவோடு சீவி எடுக்கும் படங்களும், ஒவ்வொரு ஜவ்வையும் குறுக்கே வெட்டி எடுக்கும் படங்களும் அதில் இருக்கும். ஜவ்வுக்கும் நரம்புக்கும் அது அருமையான பரிசோதனை. எஸ்ஐ மூட்டோ அதற்குக் கீழே, பக்கவாட்டில் சாய்வாக இருக்கிறது. படத்தின் ஓரத்தில் அரைகுறையாக விழும், சில சமயம் விழவே விழாது. அந்த மூட்டைப் பார்க்க சேக்ரத்தின் சாய்வுக்கு ஏற்றபடி படத்தின் தளத்தையும் சாய்த்து, ஸ்டிரும் டி1-ம் எடுக்க வேண்டும். அதே எந்திரம்தான், கேட்கும் கேள்விதான் வேறு.

மூட்டைப் பார்க்காதது ஒரு பாதி. பார்த்த இடத்தில் வேறொன்று கிடைத்துவிடுவது மறுபாதி. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2015-ல் ஒரு கணக்கு வெளியானது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது, 50 வயதில் 60 சதவீதம் பேருக்கு. எந்த வலியும் இல்லாதவர்கள் இவர்கள். ஆக, 27 வயதில் ஒரு லேசான பிதுக்கம் என்பது நெற்றியில் ஒரு தழும்பு மாதிரி. இருக்கலாம், தலைவலிக்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. 'ஜவ்வு விலகியிருக்கிறது' என்று ஒரு பதில் கைக்கு வந்துவிட்டால் மேற்கொண்டு யாரும் தேடுவதில்லை. படம் எதுவும் காட்டாமல் இருந்திருந்தால்கூட இரண்டு வருடம் போயிருக்காது என்று எனக்குத் தோன்றும்.

முதுகெலும்பை எம்ஆர்ஐ எடுப்பதில் பயனே இல்லையா? இருக்கிறது. முதுகு வாதத்தில் முதுகெலும்புக் கட்டைகளின் மூலைகளில் ஸ்டிர் படத்தில் வெளிச்சம் தெரியும், விலா எலும்பு முதுகில் சேரும் மூட்டுகளிலும் தெரியும். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, மருந்து கேட்கிறதா, விறைத்த முதுகில் எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க முழு முதுகின் எம்ஆர்ஐ உதவும். ஆனால் நோயை முதன்முதலில் கண்டுபிடிக்க அதை வழக்கமாக எடுக்கச் சொல்வதில்லை. ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் அமைப்பான யூலாரின் 2015 பரிந்துரையும் அதையே சொல்கிறது. மூலைவெளிச்சம் தேய்மானத்திலும் வரும் என்பதால் முதுகெலும்பில் மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது ஆபத்து.

சுருக்கமாக, தேட வேண்டியது எஸ்ஐ மூட்டில், பார்க்க வேண்டியது ஸ்டிர், டி1 இரண்டிலும். வழக்கமான இடுப்பு எம்ஆர்ஐ இந்தக் கேள்விக்கான பரிசோதனை அல்ல.

## ஓதம் என்றாலே குழாய் உடைந்ததா?

நேற்றுச் சுவரைக் கழுவிவிட்டிருந்தாலும் ஈரம் இருக்கும். மழைச்சாரல் அடித்தாலும் இருக்கும்.

2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பலதரப்பட்டவர்களின் எஸ்ஐ மூட்டுப் படங்களை, யார் யாருடையது என்று சொல்லாமல், நிபுணர்களிடம் கொடுத்தார்கள். முதுகு வாதம் இருந்த 47 பேரில் 43 பேரின் படம் 'அழற்சி உண்டு' என்று வந்தது. நல்ல செய்திதான். கூடவே, எந்த வலியும் இல்லாத ஆரோக்கியமான 47 பேரில் 11 பேருக்கும் அப்படியே வந்தது. அடிக்கடி ஓடும் பழக்கமுள்ள 24 பேரில் 3 பேருக்கு. பிரசவத்துக்குப் பிறகு முதுகுவலி வந்த 7 பெண்களில் 4 பேருக்கு. அந்த மூட்டு பாரம் தாங்கும் மூட்டு, ஓட்டத்திலும் பிரசவத்திலும் இழுபடும்போது எலும்பில் கொஞ்சம் ஈரம் ஊறத்தான் செய்யும்.

அதனால் ஈரம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல் எவ்வளவு, எங்கே, எத்தனை படத்தில் என்று பார்க்கிறோம். ஒரே ஒரு புள்ளி என்றால் அடுத்தடுத்த இரண்டு சீவலிலாவது அது தெரிய வேண்டும். எலும்புக்குள் ஆழமாக இறங்கிய ஈரமும், கூடவே அரிப்பும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். மேலோட்டமாக மினுக்கும் ஈரத்தை வைத்து 'அழற்சி' என்று எழுத நான் அவசரப்படுவதில்லை. அண்மையில் பிரசவமான பெண்ணா, மாரத்தான் ஓடுபவரா என்பது அந்தச் சீட்டில் இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்!

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காசநோய் முதுகெலும்பிலும் வரும், எஸ்ஐ மூட்டிலும் வரும். பெரும்பாலும் ஒரு பக்க மூட்டை மட்டும் பிடிக்கும். ஈரம் எலும்போடு நிற்காமல் பக்கத்துத் தசைக்குள் பரவும், சீழ் தேங்கியிருக்கும். அப்படிப் படம் வந்தால் நான் உடனே போன் செய்துவிடுவேன். முதுகு வாதத்துக்குத் தரும் சில ஊசிகள் நோய் எதிர்ப்பை அடக்குபவை. உள்ளே காசநோய் இருக்கும்போது அவற்றைப் போட்டால் விபரீதம்.

## ஓதம் தெரியாவிட்டால்?

அழற்சி ஏறி இறங்கும் நோய் இது. கோடையில் சுவர் காய்ந்திருக்கும்போது போய்ப் பார்த்தால் குழாய் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். எம்ஆர்ஐ சுத்தமாக இருந்தும் நோய் இருக்கலாம். ஒருமுறை எடுத்ததில் வரவில்லை என்பதற்காக நோயாளியைப் பொய்க்காரர் ஆக்கக் கூடாது.

ரத்தப் பரிசோதனையும் இப்படியே. அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி கணிசமான நோயாளிகளுக்குச் சாதாரணமாகவே இருக்கும். எச்எல்ஏ-பி27 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-ல் தெரியவந்தது. அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் இந்த நோய் வராது. நோய் இருப்பவர்களில் சிலருக்கு அந்த மரபணு இருக்காது. கண் சிவந்து வலிக்கும் யுவைட்டிஸ், சொரியாசிஸ், குடல் அழற்சி, குடும்பத்தில் யாருக்காவது இதே நோய், வலி மாத்திரை போட்டதும் ஒரே நாளில் பெரிதாகக் குறைவது என்று பலவற்றையும் சேர்த்துவைத்து எடைபோடுகிறவர் மூட்டுவாத மருத்துவர், ருமட்டாலஜிஸ்ட். என் படம் அவர் தராசில் ஒரு படிக்கல்.

## சீட்டில் என்ன இருக்க வேண்டும்

டாக்டரிடம் போகும்போது 'முதுகுவலி' என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வயதில் ஆரம்பித்தது, காலை விறைப்பு எத்தனை நிமிடம், படுத்தால் கூடுகிறதா குறைகிறதா, கண் எப்போதாவது சிவந்து வலித்ததா என்று சொல்லுங்கள். எஸ்ஐ மூட்டுக்கு எம்ஆர்ஐ வேண்டுமா என்று கேட்பதில் தப்பே இல்லை. பழைய படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாளை மட்டும் அல்ல. உடம்பில் பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, இரும்புத் துகள் எது இருந்தாலும் ஸ்கேன் அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

லேத் பட்டறைப் பையனை ருமட்டாலஜிஸ்ட்டிடம் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் புதுச் சீட்டோடு வந்தான். இந்த முறை அதில் நான்கு வரி இருந்தது: 25 வயதில் தொடக்கம், காலை விறைப்பு ஒரு மணி நேரம், ஓய்வில் கூடுகிறது, எஸ்ஐ மூட்டு ஸ்டிரும் டி1-ம் தேவை. எடுத்தோம். ஸ்டிர் படத்தில் கருப்பு எலும்புக்குள் இரண்டு பக்கமும் மூட்டோரமாக வெள்ளைத் திட்டுகள், வரிசையாக ஐந்தாறு சீவல்களில். டி1-ல் இடது மூட்டின் விளிம்பு அரித்திருந்தது.

திரையைத் திருப்பி அவனுக்கும் அம்மாவுக்கும் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப அந்த ஜவ்வு என்னாச்சு டாக்டர்?" என்றார்.

"அது அங்கயேதாம்மா இருக்கு," என்றேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."